‘வெள்ளம்’: நான்கு எழுத்தா, ஏழு எழுத்தா?

‘வெள்ளம்’ என்று எழுதினால் நமக்கு அது நான்கு எழுத்து: வெ, ள், ள, ம். கைபேசியின் கணக்கில் ஏழு. கணினிகளும் கைபேசிகளும் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான ஒருங்குறியில் கொம்புக்குத் தனியிடம், புள்ளிக்குத் தனியிடம். வகரம், அதன் கொம்பு, ளகரம், புள்ளி, மறுபடி ளகரம், மகரம், புள்ளி என்று அது அடுக்கிக்கொண்டு போகும். எந்த இலக்கண ஆசிரியரும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் குறுஞ்செய்தி அனுப்பும் இயந்திரம் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துக் கொள்ளும். தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து நுழைந்துவிட்டால் கொள்ளளவு 70 இடமாகச் சுருங்கிவிடும். அதையும் மீறினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுமுனையில் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டுமென்பதால் துண்டுக்கு 67 இடம்தான் மிஞ்சும்.

மாரி மழை விடாமல் பெய்து, குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்ட ஓர் இரவில், பல்கலைக்கழக விடுதிகளுக்கு இப்படி ஒரு செய்தி போகவேண்டும் என்று வையுங்கள்: “வெள்ளம் வருகிறது. விடுதியிலேயே இருங்கள். கீழ்த்தளத்தை விட்டு மேலே ஏறுங்கள்.” கண்ணுக்கு இதில் 37 எழுத்து. இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து இயந்திரம் எண்ணினால் 75. ஐந்து இடம் மிகுதி. அந்த ஐந்துக்காகச் செய்தி இரண்டாகிறது. நொடிக்கு இருபது செய்தி தள்ளும் இணைப்பு ஒன்று இருக்கிறது என்று கொண்டால், ஐயாயிரம் பேருக்கு நான்கு நிமிடத்தில் முடியவேண்டிய வேலை எட்டு நிமிடமாகும். நெரிசலில் ஒரு துண்டு பிந்தினால், பல கைபேசிகள் வந்து சேர்ந்த துண்டையும் காட்டாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். ‘கீழ்த்தளத்தை விட்டு’ என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டால் 55 இடம், ஒரே செய்தி. மேலே ஏறச் சொன்னால் கீழே இருப்பவர்தான் ஏறவேண்டும் என்பது பல்கலைக்கழகம் வரை வந்த பிள்ளைக்குப் புரியும்.

இதை நான் வெயில் காலத்தில், மின்விசிறிக்குக் கீழே, தேநீரோடு எண்ணினேன். இரவு இரண்டு மணிக்கு, முழங்கால் நீரில் நின்று தொலைபேசியைப் பிடித்திருக்கும் விடுதிப் பொறுப்பாளர் எண்ணமாட்டார். எண்ணவும் கூடாது.

பல்கலைக்கழக அவசர எச்சரிக்கை முறை என்றதும் நம்மிடையே பேச்சு நேரே சைரன், கோபுரம், கைபேசிச் செயலி என்று போய்விடுகிறது. விலைமனுக் கோரி வாங்கக்கூடியவை என்பதால் அவற்றைப் பற்றிப் பேசுவது இலகு. யார் தீர்மானிப்பது, என்ன வாக்கியத்தைச் சொல்வது என்ற இரண்டும் எந்த விலைமனுவிலும் வராது. எச்சரிக்கைகள் தோற்ற இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தால், கருவி இல்லாமல் தோற்றவற்றைவிட இந்த இரண்டும் இல்லாமல் தோற்றவைதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகப் பல்கலைக்கழகங்கள் எச்சரிக்கை பற்றிப் பேசும்போதெல்லாம் வந்து நிற்கும் நாள் 2007 ஏப்ரல் 16. அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அன்று காலை ஏழே கால் மணியளவில் மாணவர் விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டார்கள். வளாகப் பொலிஸார் சில நிமிடங்களில் வந்துவிட்டார்கள். இது தனிப்பட்ட பகை, சுட்டவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார் என்று ஊகித்தார்கள். நிருவாகத்தின் உயர்மட்டக் குழு கூடியது, பேசியது. முதல் மின்னஞ்சல் மாணவருக்குப் போனபோது நேரம் 9.26. அதிலும் துப்பாக்கிச்சூட்டுச் சம்பவம் ஒன்று நடந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்ற அளவில்தான் இருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் அதே கொலையாளி வகுப்பறைக் கட்டடம் ஒன்றுக்குள் நுழைந்து கதவுகளைச் சங்கிலியால் பூட்டிவிட்டுச் சுடத் தொடங்கினான். அன்று கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர்.

பின்னர் அமர்ந்த விசாரணைக் குழு ஒரு சிறிய விடயத்தைச் சுட்டிக்காட்டியது. சம்பவ இடத்தில் நின்ற வளாகப் பொலிஸாருக்குத் தாமாக எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் வசதி இருக்கவில்லை. உயர்மட்டக் குழு தீர்மானித்து, வாசகம் எழுதி, அதன் பிறகுதான் போகவேண்டும். பார்த்தவரிடம் பொத்தான் இல்லை. பொத்தான் இருந்தவர்கள் பார்க்கவில்லை. இரண்டு மணிநேரம் கழிந்தது அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது. 1986இல் லீஹாய் பல்கலைக்கழக விடுதி அறையில் கொலையுண்ட ஜீன் கிளெரி என்ற மாணவியின் பெற்றோர் விடாமல் போராடியதன் விளைவாக 1990இல் வந்த சட்டம் அது. வளாகத்தில் நடக்கும் குற்றங்களை மறைக்காமல் அறிவிக்கவேண்டும், ஆபத்துத் தொடர்ந்தால் உரிய நேரத்தில் எச்சரிக்கவேண்டும் என்றது. ‘உரிய நேரம்’ என்றால் எவ்வளவு என்பதை வேர்ஜீனியா டெக் கேட்க வைத்தது. 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, உயிராபத்து உறுதியானவுடனேயே அறிவிக்கவேண்டும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்கவேண்டும் என்று வந்தது.

எட்டு ஆண்டு கழித்து, 2016 நவம்பர் 28 அன்று, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவன் மாணவர் கூட்டத்துக்குள் காரை ஏற்றி, இறங்கிக் கத்தியால் குத்தினான். சில நிமிடங்களில் எல்லாக் கைபேசிகளிலும் செய்தி வந்தது: வளாகத்தில் துப்பாக்கிதாரி, ஓடு, ஒளி, எதிர்த்து நில். தாக்கியவனிடம் துப்பாக்கியே இருக்கவில்லை. ஆகவே செய்தி தவறு. ஆனாலும் அந்தச் செய்தியைப் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டவர் ஒருவரும் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆயுதத்தின் பெயர் பிழையானாலும் செய்யவேண்டியது பிழையாகவில்லை. முழு விவரமும் தெரிந்தபின் அனுப்பிய சரியான செய்தியைவிட, பாதி தெரிந்த நிலையில் உடனே அனுப்பிய இந்தத் தவறான செய்தி நல்ல செய்தி என்பேன்.

இலங்கையின் கிழக்கே, நம் கரைக்கு வருவோம். இங்கே துப்பாக்கிதாரி என்பது வேறு வகைக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது இலங்கை நேரம் காலை 6.59. அலை கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் எடுத்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உலக நிலநடுக்க வலையமைப்பைச் சேர்ந்த பதிவுக் கருவி ஒன்று இருக்கிறது. அது தன் வேலையைச் செய்தது. ஹவாயில் இருக்கும் பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால்மணி நேரத்தில் அறிவித்தல் வெளியிட்டது. அது பசிபிக் நாடுகளுக்கான அறிவித்தல். இந்து சமுத்திரத்துக்கு என்று முகவரி எதுவும் அப்போது இல்லை. நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல்.

அதே காலை, அதிர்வு மையத்துக்கு மிக அருகே இருந்த சிமெலுவே என்ற இந்தோனேசியத் தீவில், ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. அங்கே சைரன் கிடையாது. 1907இல் வந்த அலைக்குப் பிறகு பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த ஒரு சொல் இருந்தது: ‘ஸ்மோங்’. நிலம் நீண்டு அதிர்ந்து கடல் உள்வாங்கினால் யாராவது அந்தச் சொல்லைக் கத்துவார்கள். எல்லோரும் மலைக்கு ஓடுவார்கள். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆபத்தின் பெயரும் செய்யவேண்டிய காரியமும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. 70 இடத்துக்குள் அடங்கும் செய்தி என்றால் இதுதான்.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற அவசர தொலைபேசி இலக்கம் வந்தது. கரையோரமாக எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2009இல் அனர்த்த முகாமைத்துவ நிலையம், டயலொக் தொலைபேசி நிறுவனம், மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஆகியன சேர்ந்து கைபேசி வழி எச்சரிக்கை வலையமைப்பு ஒன்றையும் தொடக்கி வைத்தன. ஆக, கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகம் வரை செய்தி வர வழி உண்டு. என் கேள்வி அதற்குப் பிந்திய கடைசித் துண்டு பற்றியது. மாவட்டச் செயலகத்திலிருந்து விடுதியின் மூன்றாம் மாடி வரை.

அந்தத் துண்டில் யார் இருக்கிறார்கள்? உபவேந்தர், பதிவாளர், பீடாதிபதிகள், மாணவர் நலச்சேவைப் பிரிவு, விடுதிப் பொறுப்பாளர், உபபொறுப்பாளர், பிரதான பாதுகாப்பு உத்தியோகத்தர், வாயிலில் நிற்கும் காவலாளி. ஆபத்தை முதலில் பார்ப்பவர் பட்டியலின் அடியில் நிற்பவர். அறிவித்தலில் கையொப்பமிடும் அதிகாரம் பட்டியலின் உச்சியில். உச்சியில் இருப்பவர் கொழும்பில் கூட்டமொன்றில் தொலைபேசியை அணைத்து வைத்திருக்கலாம். நம்முடைய நிருவாகப் பழக்கத்தில் கடிதத் தலைப்பு, இலக்கம், திகதி, ஒப்பம், முத்திரை இல்லாத எழுத்து எழுத்தே அல்ல. சாதாரண நாளில் இது நல்ல பழக்கம். மட்டக்களப்பில் வெள்ள நீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்ற கேள்வி வந்தால் எத்தனை தரப்பு, எத்தனை கூட்டம் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். முகத்துவாரத்துக்குக் கூட்டம் தேவைதான், வெட்டியபின் மூடமுடியாது. எச்சரிக்கை அப்படியல்ல. தவறானால் திரும்பப் பெறலாம்.

அதனால் நான் பார்த்தவரை உருப்படியான ஒரே ஏற்பாடு, தீர்மானத்தை முன்கூட்டியே எடுத்து வைப்பது. எந்த நிலையில், எவர் கடமையில் இருந்தாலும், எவரையும் கேட்காமல், எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட வாசகத்தை அனுப்பலாம் என்று பல்கலைக்கழகப் பேரவை தை மாதத்திலேயே தீர்மானித்துவிட்டால், கார்த்திகையில் இரவு இரண்டு மணிக்கு உபபொறுப்பாளர் ஒருவர் பயப்படவேண்டியதில்லை. கையொப்பம் ஏற்கனவே இடப்பட்டாயிற்று.

இனி வாசகம். இதில்தான் மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களும் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகின்றன.

கல்லடியை எடுங்கள். சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கும் அந்த நிலத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஆழிப்பேரலை என்றால் கல்லடிப் பாலத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டும். பாலத்தில் நெரிசல் என்றால் உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை ஏறாவூரையும் செங்கலடியையும் தாண்டி உள்ளே இருக்கிறது. அங்கே பெரிய கவலை மாரி வெள்ளம். முந்தெனி ஆறு பெருகினால் கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் வீதி முழுகி, வள்ளம் போகும் பாதையாகிவிடுவது ஆண்டுதோறும் செய்தி. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலில் கடலும் வயலும் இரண்டும் பக்கத்தில். சூறாவளி என்றால் எல்லா இடத்திலும் வேறு பாடம்: வெளியே போகாதே, சன்னலை விட்டு விலகு, காற்றுத் திடீரென்று அடங்கினாலும் நம்பி வெளியே வராதே, மறுபக்கக் காற்று வரும். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவை வைத்து வயதைக் கணக்கிடும் மூத்தவர்கள் மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மாணவருக்குச் சொல்லவேண்டும்.

ஆக, அலை வந்தால் ஓடவேண்டும். வெள்ளம் வந்தால் இருந்த இடத்தில் ஏறவேண்டும். புயல் வந்தால் அடங்கி இருக்கவேண்டும். தீ என்றால் உடனே கீழே இறங்கவேண்டும். இத்தனைக்கும் ஒரே சைரன் ஒரே மாதிரி ஊளையிட்டால் கேட்பவர் என்ன செய்வார்? ஒலி ஆளை எழுப்பும்; அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. அதன் பின்னால் ஒரு வாக்கியம் வரவேண்டும்.

அந்த வாக்கியம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் ஒன்று இழுபட்டது. அதில் இருந்தவர்கள் மழைக்காக வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள். பிள்ளைகள் இறந்தார்கள். அந்த நாளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருமல்லன். ஆனால் கிழக்கில் கல்வி நிறுவனம் நடத்தும் எல்லோருக்கும் அது விட்டுச்சென்ற கேள்வி ஒன்று இருக்கிறது. ‘மூடுகிறோம், வீட்டுக்குப் போங்கள்’ என்பதுதான் நமக்குப் பழகிய அறிவித்தல். வெள்ளத்தில் அது எப்போது பாதுகாப்பு, எப்போது ஆபத்து? வீதி காயும்வரை பிள்ளைகளை வைத்துச் சோறு போட விடுதிச் சமையலறையில் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்பதும் எச்சரிக்கை முறையின் ஒரு பகுதிதான். அரிசி இல்லாத விடுதி, ‘இங்கேயே இருங்கள்’ என்ற செய்தியை அனுப்பமுடியாது.

இன்னொரு வாக்கியம் பற்றியும் சொல்லவேண்டும். தீ ஒத்திகைக் கையேடுகளில், எல்லோரும் திறந்த வெளியில் குறித்த இடத்தில் கூடவேண்டும் என்று இருக்கும். ‘அனைவரும் மைதானத்துக்கு வரவும்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால் இந்த மண்ணில் எல்லாக் காதுக்கும் ஒரே பொருள் படாது. போர்க்காலத்தில் படையினர் ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடித்துச் சென்ற நாட்களில் அந்த அழைப்புக்கு வேறு பொருள் இருந்தது. வந்தாறுமூலை வளாகமே 1990இல் சுற்றுவட்டார மக்கள் தஞ்சம் புகுந்த இடம். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. இன்றைய மாணவர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஊழியர்களில் எல்லோரும் அப்படி அல்லர். ஒத்திகை என்றால் முந்திய வாரமே சொல்லி, ஏன் எதற்கு என்று விளக்கி, தெரிந்த குரல் ஒன்றால் அழைப்பது வெறும் மரியாதை அல்ல. அழைப்பு வேலை செய்வதற்கான நிபந்தனை.

மொழியும் அப்படித்தான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் தமிழ் பேசுவோரோடு சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும், தூக்கத்திலிருந்து எழும்பும் மனிதன் முதலில் வாசிப்பது தாய்மொழியை. மூன்று மொழியையும் ஒரே குறுஞ்செய்திக்குள் அடைத்தால் மூன்று நான்கு துண்டாகும். மாணவர் பதிவின்போதே விருப்ப மொழியைக் கேட்டு வைத்தால் ஒருவருக்கு ஒரு துண்டு போதும். இதற்குப் பணம் வேண்டாம். பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. குறுஞ்செய்தி ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியே போவது; கடிதம் போல வரிசையில் நிற்கும். கோபுர ஒலிபரப்பு என்ற வேறு முறை இருக்கிறது. இலக்கம் எதுவும் தேவையில்லை. அந்தக் கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளிலும் ஒரே நேரத்தில், உரத்த ஒலியோடு தோன்றும். ஊருக்குள் பறையறைவது போல. 2023இல் இந்தியாவில் கோடிக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது இதைச் சோதித்தபோதுதான். நெரிசல் இதைத் தாக்காது. ஆனால் இது தொலைபேசி நிறுவனங்களும் அரசும் சேர்ந்து செய்வது. ஒரு பல்கலைக்கழகம் தனியே செய்யக்கூடியதல்ல.

நம் வளாகங்களில் உண்மையில் வேலை செய்யும் எச்சரிக்கை முறை வட்ஸ்அப் குழுக்கள். வகுப்புக் குழு, விடுதிக் குழு, ஊர்க் குழு. வேகத்தில் எந்த அரச முறையும் இதற்கு ஈடில்லை. ஆனால் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும் இந்த நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே நாளில், பிள்ளை எங்கே என்று தாய்மார் தேடிக்கொண்டிருந்த பொழுதில், எல்லோரும் நம்பியிருந்த அந்த வழி அடைபட்டது. ஆபத்து மிகுந்த நாளில்தான் முடக்கமும் வரும். வட்ஸ்அப்பை மட்டும் நம்பும் வளாகம் இதை ஏற்கனவே இரண்டு முறை அனுபவித்துவிட்டது.

வதந்தியும் அதே வழியில்தான் வருகிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் உணவகம் ஒன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறது என்று கிளம்பிய கதை ஒரே இரவில் பள்ளிவாசல் மீதும் கடைகள் மீதும் தாக்குதலாக முடிந்தது. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று ஆய்வு சொன்னபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. எச்சரிக்கை முறைக்கு இருக்கவேண்டிய பாதி வேலை, இல்லை என்று சொல்வது. ‘அப்படி எதுவும் நடக்கவில்லை, வகுப்புகள் வழமைபோல’ என்று நம்பத்தக்க ஒரு குரல் பத்து நிமிடத்தில் சொன்னால் ஒரு விடுதி அமைதியாகத் தூங்கும்.

பிழையாக ஒலித்தால் மக்கள் நம்பமாட்டார்கள், ‘புலி வருகிறது’ கதையாகிவிடும் என்று தயங்குவோர் உண்டு. 2018 ஜனவரி 13 காலை ஹவாயில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று எல்லாக் கைபேசிக்கும் செய்தி போனது. ஊழியர் ஒருவரின் தவறு. தவறு நேர்ந்ததைவிட, அதைத் திருத்தி அடுத்த செய்தி அனுப்ப 38 நிமிடம் எடுத்ததுதான் பெரிய கேடு. திருத்தச் செய்திக்கான வாசகம் எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை. நமக்கும் ஒரு நாள் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகல், புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்ளே ஓடினார்கள், சொல்லும்படியான அலை எதுவும் வரவில்லை. நிலத்தட்டு மேலெழாமல் பக்கவாட்டில் நழுவியதுதான் காரணம். அதனால் அடுத்த முறை நம்பமாட்டோம் என்று கரையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. காரணத்தை விளக்கினால் மக்கள் மன்னிப்பார்கள். விளக்காமல் விட்டால்தான் புலிக் கதை.

ஒத்திகையைப் பற்றி எழுதவேண்டும் என்று ஒரு முறை இந்தக் கரையோரத்து உயர்கல்வி நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மாடிப்படி ஓரத்தில் சிவப்புப் பெட்டி, கண்ணாடியை உடைக்கவும் என்று மூன்று மொழியில். உடைக்கும் சுத்தியல் தொங்கவேண்டிய சங்கிலியில் சுத்தியல் இல்லை; சங்கிலியில் யாரோ குடை ஒன்றைக் கொளுவியிருந்தார்கள். வாயிலில் இருந்த மூத்த காவலாளியிடம் மணியைப் பற்றிக் கேட்டேன். “அது ஒலித்தால் இடைவேளை என்று நினைத்துப் பிள்ளைகள் கன்டீனுக்குப் போய்விடுவார்கள் தம்பி,” என்றார். ஒலிபெருக்கி இருக்கிறதா? இருக்கிறது, மண்டபத்துக்குப் பக்கத்து அறையில். சாவி? அதற்குப் பொறுப்பானவர் நான்கரை பஸ்ஸில் போய்விடுவார். சாவியும் அவரோடு போய்விடும். அவருடைய இலக்கம் காவலறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது. சுண்ணாம்பு அடித்தபோது கடைசி இரண்டு இலக்கமும் மறைந்துவிட்டன.

இரவில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. பின்மதில் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பற்றரியில் ஓடுவது, மின்சாரம் போனாலும் வேலை செய்யும். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் தன் மைத்துனர்தான். சைக்கிளில் மூன்று நிமிடம் என்றார். பிறகு, மழை இருண்டுகொண்டு வருகிறது, அந்தக் குடையை எடுத்து வரவேண்டும் என்று எழுந்து மாடிப்படிப் பக்கம் நடந்தார்.